துவோல் ஸ்லெங்கிற்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

கேள்வி: மே மாத விடுமுறையில் அங்கோர் வாட் பார்க்கக் கம்போடியா போகிறோம். நான், மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், 71 வயதான என் அம்மா. புனோம் பென்னில் இரண்டு நாள் தங்குகிறோம். அங்குள்ள இனப்படுகொலை அருங்காட்சியகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள் மகள். "இவ்வளவு செலவு செய்து மண்டையோட்டைப் பார்க்கவா போகிறோம்?" என்கிறார் அம்மா. மகனை என்ன செய்வது என்று புரியவில்லை. போகலாமா, வேண்டாமா?

பதில்: மகள் போகட்டும். மகன் வேண்டாம். அம்மாவின் முடிவை அம்மாவே எடுக்கட்டும்.

குடும்பமாகப் போனால் எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று ஒரு பழக்கம் நமக்கு உண்டு. கோயிலுக்கும் அருவிக்கும் அது பொருந்தும். இங்கே பொருந்தாது. உங்கள் கேள்வியை "போகலாமா" என்பதிலிருந்து "யார் எதைப் பார்ப்பது" என்று மாற்றிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு விவரம். புனோம் பென்னில் இருப்பது ஓர் இடமன்று, இரண்டு. நகருக்குள் இருப்பது துவோல் ஸ்லெங், உங்கள் மகள் சொல்லும் அருங்காட்சியகம். நகருக்கு வெளியே சுமார் 15 கிலோமீட்டரில் இருப்பது செயுங் ஏக். முதலாவது சிறை. இரண்டாவது, அந்தச் சிறையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்று புதைத்த இடம். பயண நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே அரைநாளில் அடைத்து விற்கின்றன. நானும் ஒருமுறை அப்படித்தான் திட்டம் போட்டேன். பதினோரு பேர் கொண்ட குழுவுக்குக் காலையில் சிறை, மதியம் புதைகுழி, மாலையில் ஆற்றுப்படகில் இசையோடு விருந்து. படகில் ஒருவரும் தட்டைத் தொடவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் இடம்தான், அதுவும் காலையில்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இருப்பது இரண்டே நாள் என்பதால் ஓர் இடம் போதும். துவோல் ஸ்லெங்கைத் தேர்ந்தெடுங்கள். 'ஸ்லெங்' என்பது நம் எட்டி மரம், 'துவோல்' என்றால் மேடு. எட்டிமேடு என்று சொல்லிக்கொள்ளலாம். அது ஒரு உயர்நிலைப் பள்ளியாக இருந்தது. 1975 ஏப்ரல் 17 அன்று, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு (கம்போடியாவின் பெரும்பான்மையினரான கெமர் மக்களுக்கும் அதே நாட்களில்தான் புத்தாண்டு), கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை புனோம் பென்னுக்குள் நுழைந்து நகரத்தையே காலி செய்தது. நோயாளிகளைக்கூட மருத்துவமனையிலிருந்து தெருவில் இறக்கி நடக்கவிட்டார்கள். பணம் ஒழிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. காலியாகிக் கிடந்த இந்தப் பள்ளி எஸ்-21 என்ற ரகசியச் சிறையாயிற்று. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை வந்து நகரைப் பிடிக்கும்வரை, அதாவது கம்போடியர்கள் இன்றும் எண்ணிச் சொல்லும் "மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள்", அந்த ஆட்சி நடந்தது. நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர். எஸ்-21க்குள் கொண்டுவரப்பட்டவர்கள் 12,000க்கும் மேல்; 18,000 வரை என்று கணிப்பவர்களும் உண்டு. உயிரோடு வெளியே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி வயதுக் கணக்கு. நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த ஹோலோகாஸ்டை நினைவுகூரும் இடங்களைப் பாருங்கள். ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் வரலாற்று அருங்காட்சியகத்தில் 10 வயதுக்குட்பட்டவர்களை உள்ளே விடுவதில்லை. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் தன் முதன்மைக் காட்சியை 11 வயதுக்கு மேற்பட்டோருக்கே பரிந்துரைக்கிறது. போலந்தில் உள்ள அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் 14 வயதுக்குட்பட்டவர்களை அழைத்துவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். துவோல் ஸ்லெங் வாசலில் உங்கள் மகனை யாரும் மறிக்கமாட்டார்கள். மறிக்கவில்லை என்பதால் அது அவனுக்கான இடம் ஆகிவிடாது. வாஷிங்டனில் பல காட்சிகளை உயரமான தடுப்புச் சுவருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், சிறுவர்கள் தற்செயலாகப் பார்த்துவிடக் கூடாதென்று. இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. முதல் கட்டடத்தின் முதல் அறையிலேயே இரும்புக் கட்டில் கிடக்கும். அதே கட்டிலில் 1979இல் கண்டெடுத்த சடலத்தின் படம் சுவரில் மாட்டியிருக்கும். கடைசி நாளில் கொன்றுவிட்டு ஓடிய 14 பேர் அப்படிக் கிடந்தார்கள். அவர்களின் வெள்ளைக் கல்லறைகள் முற்றத்தில் இருக்கின்றன.

ஆகவே அந்தக் காலைப்பொழுதில் உங்கள் மனைவியோ நீங்களோ ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். சிவப்புக் கட்டடம், சில கிலோமீட்டர் தூரம்தான். கோ கெர் என்ற பழைய தலைநகரிலிருந்து கொண்டுவந்த வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டும் மணற்கல் சிலை அங்கே இருக்கிறது. ஆயிரம் வருடத்துச் சண்டை. ஒன்பது வயதுப் பையன் அதைச் சுற்றிச் சுற்றி வருவான். அவனுக்கு எதையோ மறுத்துவிட்டோம் என்ற குற்றவுணர்ச்சி உங்களுக்கு வேண்டியதில்லை.

ஆனால் அவனிடம் பொய் சொல்லாதீர்கள். அக்கா எங்கே போனாள் என்று கேட்பான். "ஒரு பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கி நிறையப் பேரைக் கொன்றார்கள். அதைப் பார்க்கப் போயிருக்கிறாள். நீ பெரியவனானதும் போகலாம்." இவ்வளவு போதும். அதற்குமேல் அவன் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில். பிள்ளைகள் தங்களால் தாங்க முடிந்த அளவோடு கேள்வியை நிறுத்திக்கொள்வார்கள். நாம்தான் நிறுத்தாமல் விளக்கிக்கொண்டே போவோம்.

மகளிடம் முந்தைய நாள் இரவே பேசிவிடுங்கள். என்னென்ன இருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த அறையிலிருந்தும் எந்த நிமிடமும் வெளியே வரலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்ற அனுமதியையும் கொடுங்கள். உள்ளே நுழைந்தபின் கொடுக்கும் அனுமதிக்கு மதிப்பில்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு" என்று அப்பா நினைப்பாரோ என்றுதான் அந்த வயதுப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். முற்றத்தில் ஈழத்தலரி மரங்களும் பெஞ்சுகளும் உண்டு. இரண்டு கட்டடத்துக்கு நடுவில் பத்து நிமிடம் அங்கே உட்காருங்கள். ஒலி வழிகாட்டிக் கருவியைக் கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் போனால் வெறும் அறைகளும் முகங்களும்தான். ஆளுக்கொரு கருவியை மாட்டிக்கொண்டாலும், இருவரும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் கேளுங்கள். அவள் தனியாக எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாமல் நீங்கள் அடுத்த அறையில் நிற்கக் கூடாது.

அவளை அதிகம் உலுக்கப்போவது சித்திரவதைக் கருவிகள் அல்ல என்பது என் அனுபவம். படங்கள்தான். கைதி ஒவ்வொருவரையும் உள்ளே கொண்டுவந்தவுடன் எண் குத்திப் படம் எடுத்தார்கள். வரிசை வரிசையாக அந்த முகங்கள் கேமராவைப் பார்க்கின்றன. மடியில் கைக்குழந்தையோடு ஒரு தாய். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். புல்லை வெட்டினால் போதாது, வேரையும் பிடுங்க வேண்டும் என்பது அந்த ஆட்சியின் கொள்கை. அதனால்தான் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். காவலர்களிலும் பலர் கிராமத்திலிருந்து பிடித்துவரப்பட்ட விடலைகள். சிறையின் தலைவன் டுயிக் என்ற காங் கெக் இயேவ் முன்னாளில் கணித ஆசிரியன். கைதிகளில் ஏராளமானவர்கள் அதே இயக்கத்தின் ஆட்கள், பிறகு துரோகி என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். "கெட்டவர்கள் நல்லவர்களைக் கொன்றார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட நினைத்தால் உங்கள் மகள் உங்களை மடக்கிவிடுவாள்.

இன்னொரு கேள்வியும் அவளிடமிருந்து வரும்: "கெமர் மக்களே கெமர் மக்களைக் கொன்றால் இது எப்படி இனப்படுகொலை?" நல்ல கேள்வி. நீதிமன்றமும் இதில் கவனமாகவே நடந்தது. ஐ.நா. துணையோடு அமைந்த கம்போடியச் சிறப்பு நீதிமன்றம் 2018இல் கெமர் ரூஜ் தலைவர்களை இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது, அது சாம் என்ற சிறுபான்மை முஸ்லிம்களையும் வியட்நாமியர்களையும் ஒழிக்க முயன்றதற்காக. 1948ஆம் ஆண்டு ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையின்படி ஓர் இனத்தை, தேசியத்தை, மதக் குழுவை அழிக்கும் நோக்கம் இருந்தால்தான் அந்தச் சொல் சட்டப்படி பொருந்தும். மற்றவர்களைக் கொன்றது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பில் வந்தது. டுயிக்கிற்கும் 2012இல் ஆயுள் தண்டனை அந்தக் குற்றத்துக்காகவும் போர்க்குற்றங்களுக்காகவும்தான், இனப்படுகொலைக்காக அல்ல. செத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அருங்காட்சியகத்தின் பெயரில் உள்ள சொல்லுக்கும் தீர்ப்பில் உள்ள சொல்லுக்கும் இடையிலான இந்த இடைவெளியை ஒரு பதினான்கு வயதுப் பெண் புரிந்துகொள்வாள். இதைப் பற்றிப் பேசுவது, பார்த்த அதிர்ச்சியிலிருந்து அவளைச் சற்று யோசனைப் பக்கம் திருப்பும்.

அம்மா விஷயம். கட்டடங்கள் மூன்று மாடி, வெறும் படிக்கட்டு. மே மாதம் அங்கே கொளுத்தும். தரைத்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்காரலாம், அல்லது பேரனோடு போய்விடலாம். அவர் மண்டையோடு என்று சொல்வது செயுங் ஏக்கில் 1988இல் கட்டிய கண்ணாடி ஸ்தூபியைத்தான். ஆயிரக்கணக்கான மண்டையோடுகள் அடுக்கடுக்காக உள்ளன. துவோல் ஸ்லெங்கோடு நிறுத்திக்கொண்டால் அவர் அந்த ஸ்தூபியைப் பார்க்க நேராது. துவோல் ஸ்லெங்கின் கடைசிக் கட்டடத்திலும் சில மண்டையோடுகள் உண்டு; அந்த அறையை அவர் விட்டுவிடலாம். போர் நடந்த ஊரில் வாழ்ந்து வந்தவர் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், உதாரணமாக வன்னியிலிருந்து வந்த உறவினர் யாராவது உடன் வருகிறார் என்றால், அவரிடம் தனியாகக் கேளுங்கள், எல்லோர் முன்னிலையிலும் அல்ல. நாம் பார்க்கப் போகிற பொருளை அவர் வீட்டிலேயே சுமந்துகொண்டிருக்கலாம்.

செயுங் ஏக்கை விட மனமில்லை என்றால் மறுநாள் காலை நீங்களும் மகளும் மட்டும் போய்வாருங்கள். குழந்தைகளை அடித்துக் கொன்ற மரம் ஒன்று அங்கே நிற்கிறது. பார்வையாளர்கள் அதன்மேல் கயிற்று வளையல்களை மாட்டிவிட்டுப் போகிறார்கள். மழை பெய்தால் இன்றும் எலும்பும் துணிக் கிழிசலும் மண்ணுக்கு மேலே வரும். பலகை போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். ஸ்தூபிக்குள் செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். போகும் வழியில் சில டுக்-டுக் ஓட்டுநர்கள் "துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கூட்டிப் போகட்டுமா?" என்று கேட்பார்கள். புதைகுழிக்குப் போகிறவனுக்கு ஏ.கே.47 விற்கும் வணிக மூளையை என்னவென்று சொல்வது! வேண்டாம் என்று சிரிக்காமல் சொல்லுங்கள், போதும்.

துவோல் ஸ்லெங் காலை 8 மணிக்குத் திறக்கும். நான் போனபோது பெரியவர்களுக்கு டிக்கெட் 5 டாலர், ஒலிக்கருவிக்குத் தனியாக 5 டாலர். தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள். படம் எடுக்கக் கூடாத அறைகளில் அறிவிப்பு இருக்கும். இல்லாத இடத்திலும் அந்தக் கட்டில்களின் முன் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். உயிர் தப்பியவர்கள் சிலர் தங்கள் நூல்களோடு வளாகத்தில் அமர்ந்திருப்பதுண்டு. நூலை வாங்குங்கள், வணக்கம் சொல்லுங்கள். என்ன செய்தார்கள், எப்படி அடித்தார்கள் என்று அவரையே சொல்லவைக்காதீர்கள். அதைத்தான் எழுதி வைத்திருக்கிறாரே.

மதியச் சாப்பாட்டை ஹோட்டலிலேயே வைத்துக்கொண்டு, மாலையில் ஆற்றங்கரையில் சும்மா நடங்கள். அன்றைக்கு வேறு திட்டம் எதுவும் வேண்டாம். அங்கோர் வாட்டை முதலில் பார்த்துவிட்டுப் புனோம் பென் வருவதா, மாற்றிச் செய்வதா என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், புனோம் பென்னை முதலில் வையுங்கள். துவோல் ஸ்லெங்கைப் பார்த்த மறுநாளே விமானம் ஏறி ஊர் திரும்புவது நல்லதில்லை. மகளுக்குப் பேச நாலு நாள் வேண்டும். அங்கோர் வாட் இருக்கும் சியெம் ரீப்புக்குப் போகும் ஐந்தாறு மணி நேர பஸ் பயணம் அதற்கு நல்ல இடம்.

தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள். மே 20 கம்போடியாவில் நினைவு நாள். செயுங் ஏக்கில் பிக்குகளின் சடங்கோடு, கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்த கொலைகளை மாணவர்கள் நடித்துக் காட்டும் நிகழ்ச்சியும் நடப்பது வழக்கம். மகளோடு அங்கே போவதென்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.