கேசியிலிருந்து கேபி: ஏ.எல் இரசாயனவியல் புள்ளைங்க கேட்டதும் நான் சொன்னதும்

வாயுத் தாக்கம் ஒன்னு சமநிலைக்கு வந்ததும், விளைவுக்கும் தாக்கிக்கும் உள்ள விகிதத்த செறிவுல எழுதினா கேசி (Kc), பகுதியமுக்கத்துல, அதாவது கலவையில ஒவ்வொரு வாயுவும் தனியா தர்ற அமுக்கத்துல எழுதினா கேபி (Kp). கேபி சமன் கேசி தர (ஆர்டி)யின் டெல்டா என் அடுக்கு. ஆர் வாயு மாறிலி, டி கெல்வின்ல வெப்பநிலை, டெல்டா என் விளைவு வாயு மூல்ல இருந்து தாக்கி வாயு மூல கழிச்சது.

ஹட்டன் தங்கச்சி: சேர், கேபி எடுக்கிறப்ப ஆர்டிக்கு மேல போடுற டெல்டா என் பிளஸ்ஸா மைனஸான்னு எப்பவும் குழம்புது.

பதில்: மனப்பாடம் பண்ணாதம்மா. பிவி சமன் என்ஆர்டின்னு எழுது (பி அமுக்கம், வி கனவளவு, என் மூல்), வி-ய அந்தப் பக்கம் தள்ளுனா என்/வி தான் செறிவு, அப்ப பகுதியமுக்கம்னா செறிவு தர ஆர்டி, ஒவ்வொரு மூலுக்கும் ஒரு ஆர்டி ஒட்டிக்கிட்டு வரும், விளைவோடது மேல, தாக்கியோடது கீழ, வெட்டுனா மிஞ்சுறதுதான் டெல்டா என். அமோனியாவுக்கு மேல 2, கீழ நைதரசன் 1 ஐதரசன் 3, ஆக மைனஸ் 2. ஐதரசன் அயடைட்டுல எல்லாமே வெட்டுப்பட்டுரும், கேபியும் கேசியும் ஒன்னுதான்.

பண்டாரவளை தம்பி: சேர், என்2ஓ4 உடைஞ்சு 2 என்ஓ2 வருது, 25 பாகை, கேசி கன டெசிமீட்டருக்கு 0.0046 மூல். எனக்கு 11.4 பாஸ்கல், மார்க்கிங் ஸ்கீம்ல 11,400. எங்க பிழை?

பதில்: நானும் படிக்கிற காலத்துல இதே குழியில விழுந்தவன்தான்யா. ஆருக்கு 8.314 எடுத்தா கனவளவு கன மீட்டர்ல இருக்கணும், அதுக்குள்ள 1000 கன டெசிமீட்டர், அதனால 0.0046 முதல்ல 4.6 ஆகணும், அப்புறம் 8.314, கெல்வின் வெப்பநிலை 298 ரெண்டாலயும் பெருக்கு. இங்க டெல்டா என் 1ங்கிறதால ஆயிரம் மடங்கோட தப்பிச்ச, அமோனியாவுல இதே பிழைய விட்டா பத்து லட்சம் மடங்கு போயிரும். யூடியூப்ல இந்தியா கிளாஸ் பாக்குறவங்க ஆருக்கு 0.0821 போடுவீங்க, அது லீட்டருக்கும் அட்மொஸ்பியருக்கும் உள்ளது, விடைக்குப் பக்கத்துல பாஸ்கல்னு எழுதிறாதீங்க.

நுவரெலியா தங்கச்சி: சேர், இங்க காத்தமுக்கம் குறைவு, தண்ணியே 94 பாகை கிட்ட கொதிச்சிருது, அப்ப கேபி கொழும்புல வேற இங்க வேறயா?

பதில்: கேள்வின்னா இது! வெப்பநிலை ஒன்னுன்னா கேபி அசையாது. கொழும்புல கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல், உங்க ஊர்ல 80, அதனால என்2ஓ4 அங்க கொஞ்சம் கூடுதலா உடையும், ஆனா அந்தப் பகுதியமுக்கங்கள போட்டுப் பாத்தா அதே கேபி. குளிர் வேற கதை, உடையுறது வெப்பம் உறிஞ்சுற தாக்கம்ங்கிறதால விடியக்காலை 10 பாகையில கேபி நிசமாவே குறையும்.

மாத்தளை தம்பி: சுண்ணாம்புச் சூளையில சுண்ணாம்புக்கல் சுட்ட சுண்ணாம்பாவும் காபனீரொட்சைட்டாவும் உடையுற தாக்கத்துக்கு டெல்டா என் 2 தானே?

பதில்: 1. திண்மத்த எண்ணாத, காபனீரொட்சைட்டு மட்டும்தான் வாயு, அதோட அமுக்கமே கேபி.

தலவாக்கலை தம்பி: அந்த என்2ஓ4 கணக்கு எனக்கு 956 வருதே சேர்?

பதில்: 25ஐ அப்படியே போட்டுட்ட. 273ஐ கூட்டிட்டு திரும்ப கல்குலேட்டர அமத்து.