பில் போட்டாச்சு, பணம் எப்போ வரும்? குறுந்தொழில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பணத்தட்டுப்பாடு பற்றியவை. 'கடன் எங்கே கிடைக்கும்' என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், அவர்களுக்கு வரவேண்டிய பணமே வேறு யாரிடமோ நிற்பது தெரியவருகிறது. அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் இயங்கும்) மெஷின் வைத்துப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். ஒரு பெரிய கம்பெனி நான்கு மாதமாகப் பணம் தரவில்லை. புகார் செய்தால் அடுத்த ஆர்டர் வராதே என்று பயம்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் வரவேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் '90 நாள்' என்று அச்சடித்திருந்தால் அது செல்லாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. ஆனால் இது குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் கிடையாது.

அதற்காக எடுத்த எடுப்பில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்ல மாட்டேன். முதலில் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்த பில், எந்தத் தேதி, எவ்வளவு பாக்கி என்று பட்டியலிட்டு, 'உங்கள் புத்தகத்திலும் இதே தொகைதானா?' என்று கேளுங்கள். உங்கள் உத்யம் எண்ணும் (அரசிடம் குறு, சிறு தொழிலாகப் பதிந்த எண்) அதில் இருக்கட்டும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியில் ஒரு விதி இருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் தராமல் மார்ச் 31ஐத் தாண்டினால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டமுடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். பில் தேதியிலிருந்து 180 நாள் ஆகிவிட்டால், உங்கள் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதையும் அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும். இவை இரண்டும் அவர்களுடைய ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். பர்ச்சேஸ் மேனேஜரிடம் நடையாய் நடப்பதைவிட அந்த ஆடிட்டரின் தலைவலியாக ஆவது மேல்.

250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனி என்றால் 'ட்ரெட்ஸ்' தளத்தில் சேர்ந்திருக்க வேண்டியது கட்டாயம். அங்கே உங்கள் பில்லை அவர்கள் ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டிபோட்டு, கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை உடனே தரும். பிறகு வாங்கியவர் கட்டவில்லை என்றாலும் வங்கி உங்களிடம் வராது.

எதற்கும் மசியவில்லையா? தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற இடங்களில் இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றங்கள் உள்ளன. அங்கே உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால், எதிர்த்து நீதிமன்றம் போக நினைப்பவர் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். மன்றத்தில் காலம் இழுக்கும், மறைக்கவில்லை. சீல் போட்ட டெலிவரி சலான் இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும்.

ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் நான்கு மாதம் வட்டியில்லாக் கடன் கொடுத்துத்தான் அந்த ஆர்டரைத் தக்கவைக்கிறீர்கள். அதில் லாபம் மிஞ்சுகிறதா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உத்யம் பதிவுக்கு ஏஜென்ட் 2,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். ஆனால் இன்றைக்கே முடித்துவிடுங்கள். பதிவுக்கு முன்பு அனுப்பிய சரக்குக்கு மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பைக் கேட்டால் வழக்கில் இழுபறிதான்.

குரோம்பேட்டையில் தோல் பை தைக்கிறோம். எட்டு லட்சம் கடனுக்கு வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள்.

குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை (2026 ஏப்ரலிலிருந்து 20 லட்சம் வரை) சொத்து ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு மேல் போனால், ஈடில்லாத கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து அதன் உச்சவரம்பு 10 கோடி. இந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு அல்ல. கடனை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

மேனேஜரிடம் சண்டை வேண்டாம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேளுங்கள், பேச்சு மாறும். அப்புறம், வியாபாரத்தில் பாதி ரொக்கமாக நடந்தால் அந்தப் பாதி வங்கியின் கண்ணில் படாது. நடப்புக் கணக்கு வழியாக ஓட்டுங்கள்.

மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்தில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி அரைக்கிறோம். சென்னைக் கடைகளுக்கும் ஆன்லைனிலும் விற்க ஜி.எஸ்.டி. வேண்டுமா?

ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் பதிவு வேண்டியதில்லை. 2023 அக்டோபரிலிருந்து ஆன்லைன் தளங்களில் விற்பதற்கும் இது பொருந்தும். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண் கொடுத்து ஒரு பதிவெண் வாங்கினால் சரி. சில தளங்கள் ஜி.எஸ்.டி. எண் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கும், அது வேறு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ மட்டும் கட்டாயம்.

'விற்றால் காசு, இல்லாவிட்டால் ரிட்டர்ன்' என்று கேட்கும் கடைகளிடம் கவனம் தேவை. அந்த முறையில் சரக்கு விற்கும்வரை அது உங்களுடையதுதான், மேலே சொன்ன 45 நாள் கணக்கு எடுபடாது. சிறிய கடையானாலும் கையில் காசு தருபவருக்கு ஐந்து சதவீதம் குறைத்துக் கொடுங்கள், தவறில்லை.

திருமுடிவாக்கத்தில் பட்டறை. மழைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. வங்கி போட்ட இன்ஷூரன்ஸ் போதுமா?

பெரும்பாலும் போதாது. அந்த பாலிசி பல நேரங்களில் கடன் தொகைக்கு மட்டும்தான் இருக்கும். 40 லட்சம் சரக்கை 20 லட்சத்துக்கு எழுதியிருந்தால், 10 லட்சம் சேதத்துக்கு ஐந்து லட்சம்தான் கைக்கு வரும். ஐந்து கோடி வரை மதிப்புள்ள சொத்தும் சரக்கும் கொண்ட தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரலில் வந்தது. புயல், வெள்ளம் அதிலேயே அடங்கும். 15 சதவீதம் வரை குறைத்து எழுதியிருந்தாலும் கழிக்க மாட்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூரில் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி நேரத்தில் ஜாப் ஒர்க் (பிறர் பொருளை வாங்கி வேலை செய்து கொடுக்கும்) பட்டறைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: நனைவது வாடிக்கையாளரின் இரும்பு. பிறர் பொருளை வைத்திருக்கிறோம் என்று பாலிசியில் தனியாக எழுதியிருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் வாடகை குடோன் இருந்தால் அந்த முகவரியும் அதில் ஏற வேண்டும். ஐப்பசிக்கு முன்பே ஸ்டாக் ரிஜிஸ்டரின் நகலை மெயிலில் போட்டு வையுங்கள். தண்ணீர் வந்துவிட்டால், இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த சரக்கைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள்.