ஜமைக்காவின் ரெகே இசையிலும், அதிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் இசையிலும் பெண் கலைஞர்கள் உண்டா? யாரிடமிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

உண்டு. என்னைக் கேட்டால் சிஸ்டர் நான்ஸியிலிருந்து ஆரம்பியுங்கள். பெயர் தெரியாதவர்கள்கூட குரலைக் கேட்டிருப்பீர்கள். 2016இல் வந்த அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் ‘ஃபேமஸ்’ பாட்டில் ‘பாம் பாம்’ என்று ஒலிப்பது அவர்தான்.

1962இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர், வீட்டில் 15 பிள்ளைகள். அண்ணன் பிரிகேடியர் ஜெர்ரி பெரிய டீஜே. (ஜமைக்காவில் டீஜே என்றால் மைக் பிடித்துத் தாளத்தோடு பேசிப் பாடுபவர், இசைத்தட்டு போடுகிறவர் செலக்டர்.) தெருவில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி நடத்தும் சவுண்ட் சிஸ்டங்களில் மைக் அப்போது ஆண்கள் கையில்தான் இருந்தது, அங்கே பதின்வயதிலேயே போய் நின்று பேர் வாங்கியவர் இந்தப் பெண். முதல் பெண் டான்ஸ்ஹால் டீஜே என்று இவரைச் சொல்வது அதனால்தான்.

1982இல் வின்ஸ்டன் ரைலி தயாரிப்பில் ‘ஒன், டூ’ ஆல்பம் வந்தது. 9 பாட்டு முடிந்து இன்னும் ஒன்று தேவைப்பட்டபோது, ‘ஸ்டாலாக்’ என்ற பழைய ரிதிமின் மேல் அந்த இடத்திலேயே பாடியதுதான் ‘பாம் பாம்’. ரிதிம் என்றால் ஒரே பின்னணி இசை. அதன் மேல் பல பேர் பல பாட்டுப் பாடுவார்கள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. பாட்டு உலகமெல்லாம் சுற்றியது, 1998இல் ‘பெல்லி’ படத்தில் வந்தது, ராப் பாடகர்கள் எடுத்து எடுத்துப் பயன்படுத்தினார்கள், அவரோ 1996இல் நியூ ஜெர்சிக்குக் குடிபோய் வங்கியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 32 வருடம் அந்தப் பாட்டுக்கு ராயல்டி இல்லை. 2014இல் ஒரு ஷூ விளம்பரத்தில் தன் குரலைக் கேட்ட பிறகு வழக்கறிஞரிடம் போய், பாட்டின் உரிமையில் பாதியை வாங்கினார். முழுசாகக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, கேட்கும்போது ‘பாம் பாம்’ மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், ஆல்பம் முழுக்கக் கேளுங்கள். கையோடு அதே ஸ்டாலாக்கில் டெனர் சா என்ற பாடகர் 1985இல் பாடிய ‘ரிங் தி அலாரம்’ போட்டுப் பாருங்கள். அவர் அழுத்தி இழுத்துப் பாடுவார், நான்ஸி பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சாவகாசமாகப் போவார். ஒரே ரிதிம்தான்!