மிருகக்காட்சிசாலை மிருகங்களுக்கு நுளம்பு கடித்து வைரஸ் நோய் வருமா?

வரும். "கூண்டுக்குள் பத்திரமாகத்தானே இருக்கின்றன" என்று கேட்டிருக்கிறீர்கள். கூண்டுக் கம்பி புலியைத் தடுக்கும், நுளம்பைத் தடுக்குமா? (தமிழ்நாட்டுக்காரர்களுக்கு: நுளம்பு என்றால் கொசு.) காட்டு மான் பூச்சி மொய்த்தால் காற்றடிக்கிற மேட்டுக்கு ஏறிவிடும், கூண்டு மானுக்கு ஏது போக்கிடம்.

1999இல் நியூயோர்க்கில் காகங்கள் செத்து விழுந்தன, பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் பூநாரைகளும் நீர்க்காகங்களும் செத்தன. அதே நேரம் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல். அது செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று முதலில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வைரஸ் பறவைகளைக் கொல்லாதே என்று விடாமல் நின்றவர் அந்த மிருகக்காட்சிசாலையின் நோயியல் மருத்துவர் ட்ரேசி மெக்னமாரா. ஈமு கோழிகள் நன்றாக இருந்ததால், குதிரைகளுக்கு வருகிற இன்னொரு மூளைக்காய்ச்சலையும் இல்லையென்றார். கடைசியில் அது வெஸ்ட் நைல் வைரஸ், அமெரிக்கக் கண்டத்துக்கே புதுசு. பரப்பியது கியூலெக்ஸ் நுளம்பு, நம்ம ஊர்க் கானிலும் (சாக்கடையிலும்) அந்த இனம்தான் பெருகுகிறது.

நுளம்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2006இல் ஐரோப்பாவில் ஆடுமாடுகளுக்கு வருகிற நீலநாக்கு என்ற வைரஸ் நோய் வந்தபோது மிருகக்காட்சிசாலைகளில் இருந்த யாக்குக்கும் காட்டெருமைக்கும்கூட வந்தது. அதைக் கொண்டுவருவது மிளகுத்தூள் அளவு பூச்சி, சாதாரண வலைக்குள் நுழைந்துவிடும்.

சரி, நான் இருப்பது நுவரெலியா பக்கத்துத் தோட்டம். இங்கே எல்லோரும் சொல்வது, "குளிருக்கு நுளம்பே இல்லை, நோய் எங்கே வரப்போகிறது". பாதி உண்மை, குளிரில் நுளம்பின் உடம்புக்குள் வைரஸ் பெருகுவது மெதுவாகிவிடும். ஆனால் எங்கள் பசுவுக்குக் கழுத்திலும் தொடையிலும் புளியங்கொட்டை மாதிரி கட்டி கட்டியாக எழும்பியதே! தோல் கழலை நோய். 2020இல் இலங்கையின் வடக்கில் தொடங்கியதுதான். வியட்நாமில் ஒட்டகச்சிவிங்கிக்கும் இது வந்திருக்கிறது. இதைப் பரப்புகிற கடிக்கும் ஈக்குள் வைரஸ் பெருகவே தேவையில்லை, வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அடுத்த மாட்டைக் கடித்தால் போதும். பிறகு குளிர் என்ன செய்யும்? அந்த ஈ பார்த்தால் வீட்டு ஈ மாதிரியே இருக்கும், மாட்டின் காலையே சுற்றும், மாடு ஓயாமல் காலை உதறிக்கொண்டே நிற்கும்.

அப்பா மானாப்புல்லை எரித்துப் புகை மூட்டினார். மூட்டம் அணைந்ததும் ஈ திரும்பி வந்தது. அது முட்டையிடுவது சாணியோடு மக்கிய ஈர வைக்கோலில். நாங்கள் அதைக் கொட்டிக் குவித்திருந்ததோ மாட்டுப்பட்டிக்குப் பின்னாலேயே, இரண்டடி தள்ளி.