'ஐ ஆம் ஹேவிங்' எங்கே சரி, எங்கே தவறு?

கேள்வி: இன்டர்வியூவுக்குத் தயாராகும்போது "ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்றேன். தோழி தவறு என்றாள். ஆனால் போன் செய்தால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" என்று அவளே சொல்கிறாளே?

பதில்: உங்கள் தோழி இரண்டு இடத்திலும் சரி. 'ஹேவ்' நம்மிடம் இருப்பதையும் சொல்லும், நாம் செய்வதையும் சொல்லும். அனுபவம், பணம், தம்பி, காய்ச்சல் எல்லாம் இருப்பவை. அங்கே 'ஹேவிங்' வராது. சாப்பிடுவது, குளிப்பது, மீட்டிங் நடத்துவது எல்லாம் நடப்பவை. அங்கே தாராளமாக வரும்.

குழப்பம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்கிறோம், எனவே 'ஆம் ஹேவிங்'. "மூன்று வருட அனுபவம் இருந்துகொண்டிருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை, எனவே "ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". பிரச்சினைகளைச் சொல்லும்போது மட்டும் இந்தச் சோதனை கொஞ்சம் தடுமாறும்: லேப்டாப் மக்கர் செய்கிறது என்பதற்கு "ஐ ஹேவ் எ ப்ராப்ளம்", "ஐ ஆம் ஹேவிங் எ ப்ராப்ளம்" இரண்டுமே சரி.

சில இடங்களில் பொருளே மாறிவிடும். "ஷி ஹேஸ் எ பேபி" என்றால் அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. "ஷி இஸ் ஹேவிங் எ பேபி" என்றால் அவர் கர்ப்பமாக இருக்கிறார், அல்லது இப்போது பிரசவ வலியில் இருக்கிறார். வீட்டில் சிறு குழந்தை இருப்பதைச் சொல்லி லீவு கேட்பவர் "ஐ ஆம் ஹேவிங் எ பேபி" என்று மெயில் அனுப்பினால், மேனேஜர் வாழ்த்துச் சொல்லிவிடுவார்.

இந்தத் தவறு நம் ஊரில் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். தமிழில் 'ஹேவ்'-க்கு நேரான வினைச்சொல் கிடையாது. "எனக்கு", "என்னிடம்" என்று தொடங்கி "இருக்கிறது" என்று முடிக்கிறோம். இந்தியும் ரஷ்ய மொழியும்கூட அப்படித்தான். அதனால் இதற்காகக் கூச்சப்படவே வேண்டாம். நம் ஆபீஸ்களில் 'ஐ ஆம் ஹேவிங்' எல்லோருக்கும் புரியும். ஆனால் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் மதிப்பெண் தரும் நான்கு அம்சங்களில் இலக்கணமும் ஒன்று என்பதால், அங்கே கவனம் தேவை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் 'ஹேவ்' செய்யும் இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். பலர் வழுக்குவது இங்கேதான். சலூனுக்குப் போய்வந்து "முடி வெட்டினேன்" என்கிறோம். அதையே "ஐ கட் மை ஹேர்" என்றால், கத்தரிக்கோலை நீங்களே பிடித்ததாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தவரைக் கொண்டு செய்வித்ததற்கு "ஐ ஹேட் மை ஹேர் கட்". முதலில் 'ஹேட்', பிறகு பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்தால் "ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்ட்". இந்த வரிசையை மாற்றி "ஐ ஹேட் ரிப்பேர்ட் மை பைக்" என்றால், ஸ்பேனர் உங்கள் கைக்கு வந்துவிடும்: "நானே ஏற்கெனவே சரிசெய்திருந்தேன்" என்று ஆகும்.

இன்டர்வியூ முடிவில் "டூ யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்பார்கள். "ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்" வேண்டாம். 'டவுட்' என்றால் வெளிநாட்டவர் காதில் நம்பிக்கையின்மையாக விழும். "யெஸ், ஐ ஹேவ் ஒன் கொஸ்டின்" என்று தொடங்குங்கள்.