கை ராசி மேல் பழி போடாதீர்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

முத்தியால்பேட்டை வாசகி: ஆன்லைனில் 28 லிட்டர் ஓ.டி.ஜி. (சின்ன மின்சார ஓவன்) வாங்கினேன். 180 டிகிரியில் 35 நிமிடம் வைத்தால் கேக் மேலே கருகுகிறது, குத்திப் பார்த்தால் நடுவில் மாவு ஒட்டுகிறது. கம்பெனியில் கேட்டால் ‘உங்கள் செய்முறை தவறு’ என்கிறார்கள்.

பதில்: முதலில் உங்கள் பக்கத்தைச் சரிபார்த்துவிடுவோம். பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குகிறீர்களா? டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து, கீழே உள்ள சூட்டுக் கம்பியை (காயில்) மட்டும் போட்டுப் பார்த்தீர்களா? இதெல்லாம் செய்தும் கருகினால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பொய் சொல்கிறது. ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குமிழை 180-ல் வைத்து, இருபது நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். காயில் அணைந்து அணைந்து எரிவதால் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவது சகஜம். முள் 220-லேயே நின்றால் போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோ, பில், வாரன்டி அட்டை மூன்றையும் கம்பெனிக்கு அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘கேக் கருகிவிட்டது’ என்று புகார் எழுதினால் உங்களுக்குச் சமையல் பாடம் எடுப்பார்கள். ‘180-க்கு வைத்தால் 220 காட்டுகிறது’ என்று எழுதுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: சோலோ மைக்ரோவேவில் பிஸ்கட் சுடலாமா? வாங்கியாயிற்று.

பதில்: முடியாது, சோலோ சூடாக்க மட்டும்தான் செய்யும். பால் காய்ச்சுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகி: கப் கேக் மூன்று முறை செய்தேன், மூன்றும் அடை மாதிரி வந்தன. ‘உனக்குக் கை ராசி இல்லை’ என்கிறார் மாமியார். பேக்கிங் பவுடர் கடையில் கவரில் கட்டி வைத்திருந்தது. வாங்கி ஏழெட்டு மாதம் இருக்கும்.

பதில்: கையில் ஒரு குறையும் இல்லை அம்மா, கவரில்தான். கால் டம்ளர் கொதிக்கிற வெந்நீரில் அரை ஸ்பூன் பவுடரைப் போடுங்கள். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி சளசளவென்று நுரைத்துப் பொங்க வேண்டும். நாலு குமிழி வந்து அடங்கிவிட்டால் அது செத்த பவுடர். பேக்கிங் பவுடர் என்பது சோடாவும் ஒரு புளிப்பு உப்பும் ஸ்டார்ச்சும் கலந்தது. ஈரம் பட்டால் சோடாவும் புளிப்பு உப்பும் கவருக்குள்ளேயே ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். நம்முடையது கடலோர ஊர், காற்றிலேயே ஈரம்.

இந்தக் கவர் விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூட்டையாக வாங்கி, கரண்டியால் அள்ளி, கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்துத் தொங்கவிடுகிறார்கள். கோகோ, ஈஸ்ட், கஸ்டர்டு பவுடர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ‘எப்போது வந்தது?’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் ‘நேற்றுதான்’. நீங்கள் கேட்ட பிறகு கண்ணெதிரே நிறுத்துக் கொடுத்தால் அது சில்லறைச் சரக்கு, சரி. நீங்கள் வருவதற்கு முன்பே கட்டி வைத்துவிட்டால் அது பாக்கெட் பொருள். 2011-ம் ஆண்டு பாக்கெட் பொருள் விதிகளின்படி, கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, தேதி, எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு எண் எல்லாம் அதன்மேல் இருக்க வேண்டும். தின்கிற பொருளாக இருப்பதால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும், எதுவரை பயன்படுத்தலாம் என்பதும் வேண்டும். அந்தக் கவரில் இருந்தது என்ன? ஒரு ஸ்டேப்ளர் பின்.

நானும் இப்படித்தான் ஒருமுறை கவர் ஈஸ்ட் வாங்கி வந்து பன் செய்தேன். காலையில் பிசைந்த மாவு ராத்திரிவரை இருந்த இடத்திலேயே இருந்தது. வீம்புக்குச் சுட்டு, மறுநாள் மதில்மேல் வைத்தேன். காக்காய் அதைத் தூக்கிப்போய் எதிர்வீட்டுத் தொட்டித் தண்ணீரில் நனைத்துத் தின்றது.

சின்ன டப்பாவாக, தேதி பார்த்து வாங்குங்கள். திறந்த நாளை மூடியில் எழுதி ஒட்டுங்கள். அப்புறம், அந்த வெந்நீர் டம்ளரை மாமியார் கண்ணெதிரே வைத்தே செய்து காட்டுங்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: பண்ருட்டி சாலையோரம் ‘180 ரகம்’ என்று முந்திரி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பொடிசாக இருக்கிறது. ஏமாந்தேனா?

பதில்: எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், எத்தனை முழுப்பருப்பு என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். சமையலறைத் தராசில் 100 கிராம் வையுங்கள். 180 ரகம் என்றால் நாற்பதுக்குள் நிற்க வேண்டும். ஐம்பதை ஒட்டி வந்தால் 240. எழுபதைத் தொட்டால் 320, ஆமாம், ஏமாந்தீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில் கேக்கில் போடத்தான் வாங்கினேன் என்கிறீர்கள். எப்படியும் நறுக்கப்போகிற பருப்புக்கு முழு ரகம் எதற்கு? அடுத்த முறை உடைத்த பருப்பு கேளுங்கள். விலை குறைவு, ருசி அதேதான்.

கடலூர் முதுநகர் வாசகி: வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் பாதி விலை என்று பார்த்து மாவு, கிரீம் அடிக்கும் மிக்சருக்கு ரூ.14,500 யுபிஐயில் அனுப்பினேன். இப்போது அந்தப் பக்கமே இல்லை. வீட்டில் சொல்லவில்லை.

பதில்: இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்து, பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், போன கணக்கு மூன்றையும் சொல்லுங்கள். பணம் இன்னும் வேறு கணக்குக்கு நகராமல் இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. கையோடு உங்கள் வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். நடந்த பேச்சுகளை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சில நாளில் ‘பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது கூப்பிடலாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள். மாவு சலித்து, முட்டை அடித்துச் சேர்த்த காசு. திருடியவன் வெட்கப்படட்டும், நீங்கள் ஏன் ஒளிக்க வேண்டும்? வேறு மிக்சர் வாங்கும்வரை வருகிற ஆர்டரைக் கை பீட்டரில் இரண்டு தடவையாகப் பிரித்து அடித்துச் சமாளியுங்கள்.

குருசுக்குப்பம் வாசகர்: கோகுலாஷ்டமிக்கு ரெடிமேட் அரிசிமாவில் சீடை செய்தோம். வெடித்துச் சிதறி, மனைவியின் கையில் எண்ணெய் பட்டுவிட்டது. மாவுக் கம்பெனி மீது வழக்குப் போடலாமா? பில் இல்லை, பாக்கெட்டையும் போட்டுவிட்டோம்.

பதில்: மனைவியின் கை ஆறிவிட்டதா? அதை எழுதாமல் வழக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சீடையின் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி வழி கிடைக்காமல் வெடிக்கும். மாவை வறுத்து இரண்டு முறை சலித்தீர்களா? அழுத்தி உருட்டாமல் லேசாக உருட்டி, ஊசியால் ஒரு குத்துக் குத்தினீர்களா? துணியில் உலர்த்தினீர்களா? இவ்வளவும் செய்தும் வெடித்திருந்தால், மாவில் கல்லோ கட்டியோ இருந்ததா என்று பார்க்கலாம். எதை வைத்துப் பார்ப்பது? பாக்கெட்தான் குப்பை வண்டியில் போய்விட்டதே. கேட்டும் பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். நீங்கள் கேட்கவே இல்லை.

மஞ்சக்குப்பம் வாசகர்: புதுச்சேரிக் கிறிஸ்துமஸ் கேக்கான விவிக்கம் செய்யப்போகிறேன். ரவை இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது. ரம் மட்டும் அங்கிருந்து ஒரு பாட்டில் கொண்டுவரலாமா?

பதில்: ‘கேக்குக்குத்தான் சார்’ என்று, எல்லையில் மது பாட்டில் பிடிக்கிற ஆல்பேட்டை செக்போஸ்டில் சொல்லிப் பாருங்கள். பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

வில்லியனூர் வாசகி: போன மாதம் உங்கள் 60 லிட்டர் ஓவன் சும்மா கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விலைக்குத் தருவீர்களா?

பதில்: தாராளமாக. ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. 2000 வாட் என்பதைப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறையின் 6 ஆம்பியர் பிளக்கில் சொருகி, பிளக் உருகி நாற்றம் அடித்த பிறகுதான் 16 ஆம்பியர் வேண்டும் என்று படித்தேன். இப்போது அதன்மேல் அரிசி டின் இருக்கிறது. டின்னை நான் இறக்கி வைக்கிறேன், ஆட்டோ நீங்கள் பிடித்து வாருங்கள். பில் மட்டும் கேட்காதீர்கள், தேடிப் பார்த்துவிட்டேன்.