மாஸ்கோவில் ஒரே ஒரு ஸ்டேஷன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மாஸ்கோ மெட்ரோ ஸ்டேஷன்கள் எல்லாம் அரண்மனை மாதிரி இருக்குமாமே! ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: போய்வந்தவர்களில் பாதிப் பேர் கொம்சொமோல்ஸ்காயா என்பார்கள். மஞ்சள் கூரை, பெரிய பெரிய சரவிளக்குகள். கல்யாண மண்டபத்துக்குள் ரயில் வருகிற மாதிரி இருக்கும். என் ஓட்டு மாயகோவ்ஸ்காயாவுக்கு. அலெக்ஸி துஷ்கின் வடிவமைத்து 1938 செப்டம்பரில் திறந்தது. பெயர், கவிஞர் மாயகோவ்ஸ்கியுடையது.

தரைக்குக் கீழே 33 மீட்டர். மேலே உள்ள மண்ணின் பாரம் சாமானியமா? அதற்கு முன் அங்கே கட்டிய ஆழமான ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்துக்கும் நடு ஹாலுக்கும் இடையே சுவர் கணக்காகத் தடித்த தூண்கள் நிற்கும். ஹாலில் நிற்பவருக்கு ரயில் துண்டு துண்டாகத்தான் தெரியும். இங்கேதான் முதன்முறையாக அந்தத் தடியன்களைத் தூக்கிவிட்டு, மெல்லிய உருக்குத் தூண்களில் பாரத்தை இறக்கினார்கள். நடுவில் நின்றால் இரண்டு பக்கத்து பிளாட்பாரமும் கண்ணுக்குள் வந்துவிடும். நான் சிவில் படித்தவன். என்னைக் கேட்டால் நிஜமான சாதனை இதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த மற்றதும் லேசுப்பட்டதல்ல. தூண்களிலும் வளைவுகளிலும் நெளிநெளியாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகள் ஓடும். பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் தூண், இது வெளிப்போர்வை. இந்தத் தகடுகள் வந்த இடம், ஆகாயக் கப்பல் கட்டுகிற தொழிற்சாலை!

கூரையில் நீள்வட்டக் குழிவுகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் அலெக்ஸாண்டர் தெய்னேகாவின் மொசைக் ஓவியம், மொத்தம் 34. சோவியத் வானத்தில் ஒரு முழு நாள் என்பது பொருள். விமானம், பாராசூட்டில் குதிப்பவர்கள், காய்த்துத் தொங்கும் கிளை என்று எல்லாமே அண்ணாந்தால் தெரிகிற காட்சிகள். அரசாங்கப் பிரசாரம்தான், சந்தேகமே இல்லை. அதற்காக ரசிக்காமல் இருக்க முடியுமா? ஒன்று மட்டும்: படங்கள் குழிக்குள் இருப்பதால் நேர் கீழே நின்றால்தான் முழுசாகத் தெரியும். ஆபீஸ் நேரத்தில் அப்படி நின்றால் இடிபட்டே திரும்புவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள்.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இந்த ஸ்டேஷனின் மாதிரியை வைத்துப் பெரும்பரிசே வாங்கிவிட்டார்கள்.

கேள்வி: யுத்த சமயத்தில் ஸ்டாலின் ஒரு மெட்ரோ ஸ்டேஷனுக்குள் கூட்டம் போட்டாராமே, நிஜமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: நிஜம். அதுவும் இதே மாயகோவ்ஸ்காயாதான். 1941 நவம்பர் 6, புரட்சி ஆண்டு விழாவுக்கு முந்தைய மாலை. ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த விழா போல்ஷோய் தியேட்டரில் நடக்கும். அந்தக் கட்டடத்தின் மேல் அக்டோபர் கடைசியில்தான் குண்டு விழுந்திருந்தது. ஏற்கெனவே ஜனங்கள் விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஒதுங்குகிற இடம் இந்த ஸ்டேஷன். நடு ஹாலின் ஒரு கோடியில் மேடை, எதிரே வரிசையாக நாற்காலிகள். ஒரு தண்டவாளத்தில் நிறுத்திய ரயில் பெட்டிகளே கோட்டு மாட்டும் இடமாகவும் சிற்றுண்டிக் கடையாகவும் ஆயின. இன்னொரு பக்கம் ரயிலில் வந்து இறங்கினார் ஸ்டாலின். பேச்சு ரேடியோவில் போனது. மறுநாள் செஞ்சதுக்கத்தில் அணிவகுத்த படையில் பலர் அப்படியே போர்முனைக்குப் போனார்கள்.

தடித்த தூண் ஸ்டேஷனாக இருந்தால் பின்வரிசைக்காரருக்கு மேடையே தெரிந்திருக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு!

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிப்போனால் தூண், கூரை என்று சொன்னால் கொட்டாவி விடுவார்களே?
(அதே கும்பகோணம் வாசகி)

பதில்: கையில் ஒரு சில்லறைக் காசு கொடுங்கள். ஸ்டீல் வளைவின் பள்ளத்தில் காசை வைத்து மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளினால், வளைவு முழுக்க ஓடி அந்தப் பக்கம் வந்து விழும். வேகம் போதாவிட்டால் பாதியில் உங்களிடமே திரும்பிவிடும். அப்புறம் கிளப்பிக்கொண்டு வருவது உங்கள் பாடு.